வெள்ளிக்கிழமை றோஸ்ட்

சாப்பாடு ஆயத்தம் என்று சொல்லும் பஸர் கிளப் மேசையில் கிடந்து சிவப்பு வெளிச்சத்தோடு துள்ளியது. நான் அதை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்த் தட்டை வாங்கிவந்தேன். ஆட்டிறைச்சி றோஸ்ட். பக்கத்தில் பூசணித் துண்டுகள், பச்சைப் பட்டாணி, தோல் மொறுமொறுக்கச் சுட்ட உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் மூடினாற்போல மண்ணிறக் கிறேவி.

அது என்னுடைய தட்டு. என் கணவருடைய சாப்பாட்டைக் கூழாக அரைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன்.

"கரண்டி எடுத்துக்கொண்டு வாறன்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்போது அவருக்குப் பேச்சு முற்றாக நின்றுபோயிருந்தது.

கத்தியும் முள்ளுக்கரண்டியும் சுவரோரத்து மேசையில் இருந்தன. எடுத்துக்கொண்டு திரும்பினேன். என் கணவர் உருளைக்கிழங்கு ஒன்றைக் கையால் எடுத்து, முழுதாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். விரலால் வடிந்த கிறேவி சேட்டுக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நோய் வருவதற்கு முந்திய மனிதர் ஒரு கணம் அந்தக் கதிரையில் இருந்தார்.

பிறகு முகம் கறுக்கத் தொடங்கியது.

இருமல் வரவில்லை. இருமுவதற்கும் பெலன் வேண்டும். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியாது.

பக்கத்து மேசையிலிருந்து பெரிய உடம்புக்கார வெள்ளைக்கார முதியவர் ஒருவர் எழும்பி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரை முன்னால் சரித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோள்களுக்கு நடுவே ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். உருளைக்கிழங்கு கம்பளத்தில் விழுந்தது. ஆனாலும் மூச்சு சீராகவில்லை. தொண்டைக்குள் கிணற்றுத் தண்ணீர் சலசலப்பது போல ஒரு சத்தம்.

ஒலிபெருக்கியில் இறைச்சிப் பொதி பரிசு விழும் அதிர்ஷ்டச் சீட்டு இலக்கங்களை ஒருவர் உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ்காரர் படுக்கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் அந்தக் குரல் நின்றது.

கேட்டவருக்கு

இந்தத் தொடரைத் தவறாமல் வாசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "வேலை செய்த இடத்து ஆட்களைப் பற்றி எழுதுகிறீர்கள், அயலவரைப் பற்றி எழுதுகிறீர்கள். கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?"

அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் அந்த உருளைக்கிழங்கில்தான் தொடங்கவேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அவர் பெயர் ஜெயசீலன். இருவருக்கும் சொந்த இடம் மன்னார். சிட்னிக்கு வந்தபின் வென்ட்வொர்த்வில்லில், றெயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில் இருந்தோம். அவர் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தேன். ஒரே பிள்ளை ஷரோன். படித்து முடித்ததும் வேலை கிடைத்து மெல்பேர்னுக்குப் போய்விட்டாள்.

அவர் சாப்பாட்டுப் பிரியர். வயிறு நிறையச் சாப்பிடுகிற ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் வேறு எதையும் செய்யமாட்டார். தொலைக்காட்சி பார்க்கமாட்டார், கதைக்கவும் மாட்டார். முடிந்த பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, "ம், இப்ப சொல்லும்," என்பார்.

வெள்ளைக்காரன்ர குழம்பு

கிளப்புக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனது அவரோடு களஞ்சியத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். பழைய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட கிளப் அது. இப்போது எல்லாரும் போகலாம். கம்பளம் விரித்த பெரிய கூடம், ஒரு பக்கம் சூதாட்ட மெஷின்கள், மறுபக்கம் சாப்பாட்டுக் கவுன்டர். றோஸ்ட், பாண்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியான ஷ்னிற்சல், மீனும் சிப்ஸும், வெள்ளிக்கிழமைகளில் பெரிய ஆட்டுத் தொடை.

முதல்நாள் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். இவர் ரப்பர் செருப்போடு போயிருக்கிறார். கூட வந்தவர் காரில் கிடந்த தன்னுடைய வேலைச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தாராம். அதைப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போன கதையை இவர் எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறார்.

கிறேவி ஊற்றிய சின்னக் கோப்பையை முழுவதும் தட்டில் கவிழ்த்துவிட்டு, கவுன்டருக்குப் போய் இன்னொன்று கேட்டிருக்கிறார். பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார்: "றீற்றா, வெள்ளைக்காரனும் குழம்பு வைக்கிறான். உறைப்புத்தான் இல்லை. அதை நாங்கள் கொண்டுபோகலாம்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. சேட்டுப் பையில் இடித்த செத்தல் மிளகாய்ப் போத்தல் ஒன்று போகும். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நாள் முழுக்க ஊருக்குச் சமைத்துவிட்டு வந்து, வெளியே போய்ச் சப்பென்ற இறைச்சியைத் தின்பதா?

"நீர் ஒருநாளைக்கு இருந்து சாப்பிடும்," என்றார். "ஆரோ சமைக்கட்டும், ஆரோ கோப்பை கழுவட்டும்."

நான் இருந்து சாப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் அந்தக் கிழங்கு பிடித்துப்போனது.

அந்தக் கிளப்பில் மாலை ஆறு மணிக்கு விளக்குகளை மங்கவைப்பார்கள். போர்களில் இறந்த தங்கள் வீரர்களுக்காக எல்லாரும் எழுந்து நிற்பார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயில் இருப்பதை மெல்லாமல், கூடம் முழுவதும் அசையாமல் நிற்கும். முதல் தரம் எனக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய தம்பி எங்கள் நாட்டில் நடந்த கடைசிப் போரில் கடற்கரையோரத்தில் காணாமல் போனவர். உடலும் இல்லை, கல்லறையும் இல்லை.

எல்லாரும் கதிரைகளில் இருந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு நிமிசம் ஆர் குடுக்கினம்? இவையளிட்ட இரவல்தான் வாங்கவேணும்."

அன்றைக்கு அவர் தட்டில் பாதியை மிச்சம் வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்தது அபூர்வம்.

கோழியின்ர படம்

நோய் நாக்கில்தான் தொடங்கியது. "றீற்றா" என்று கூப்பிடும்போது என் பெயர் வழுக்கியது. பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். வேலை இடத்தில் ஒருநாள் காலை மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். குடிக்கவில்லை என்று மெஷின் காட்டியும் அந்த மனிதருடைய பார்வை மாறவில்லையாம்.

"ஊதினாப் பிறகு ஒருத்தரும் சொறி சொல்லேல்லை," என்றார் வீட்டுக்கு வந்து. அதையும் குழறித்தான் சொன்னார்.

பிறகு பரிசோதனைகள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில், தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்று சொன்னார்கள். சிலருக்குக் காலில் தொடங்குமாம். இவருக்கு வாயிலும் தொண்டையிலும். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

காரில் ஏறிய பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப, சாப்பாடு?"

எனக்குப் பதில் தெரியும். விழுங்க முடியாதவர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்று தெரிந்தவள் நான். இல்லத்துக் குசினியில் அதுதான் என் வேலையில் பாதி. கோழியை அவித்து, அரைத்து, தடிப்பாக்கும் மா போட்டு, கோழிக்கால் உருவ அச்சில் ஊற்றி எடுப்போம். கரட் கூழ் கரட் உருவத்தில். பட்டாணிக் கூழ் பட்டாணி உருவத்தில். தட்டைப் பார்த்தால் அசல் சாப்பாடு போல இருக்கும். கரண்டி பட்டதும் சேறு மாதிரி இளகும்.

இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்த காலம் விரைவில் முடிந்தது. ஒரு பின்னேரம் அந்த அச்சுகளை வாங்கிவந்து, மனதை ஒருமாதிரித் திடப்படுத்திக்கொண்டு, வடிவாகச் செய்து அவருக்கு முன்னால் வைத்தேன். கரண்டியால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"இது கோழி இல்லை, றீற்றா," என்றார், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "கோழியின்ர படம்."

அந்த அச்சுகளை நான் திரும்ப எடுக்கவில்லை. கூழைக் கூழாகவே கோப்பையில் கொடுத்தேன்.

பேச்சு நின்றபின் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அவர் விரலால் எழுதுவார், அதிலிருந்து ஒரு பெண்குரல் வாசிக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் அழகாக வாசிக்கும். அவர் எழுதமாட்டார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார். "இவ்வளவு வருசம் உம்மோட தமிழில சண்டை பிடிச்சிட்டு, இப்ப இங்கிலீசிலயோ?" என்று முதல்நாளே எழுதிக் காட்டினார். அந்தப் பெண் அவருடைய மன்னார்த் தமிழை ஒரு ஆஸ்திரேலியக்காரியின் வாயால் நொறுக்கி எடுப்பாள். என் பெயர் ஒன்றுதான் அவள் வாயில் சரியாக வந்தது.

கராஜ்

வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகச் சத்துப்பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் மூச்சுப் பெலன் இன்னும் குறைந்தால் அந்தச் சத்திரசிகிச்சையே ஆபத்தாகிவிடும், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார்.

அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

ஷரோன் ஒவ்வொரு நாளும் மெல்பேர்னிலிருந்து போன் எடுப்பாள். "அம்மா, நீங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கோ. ஹி இஸ் ஸ்டார்விங்," என்பாள். அவள் சொன்னது உண்மை. அவருடைய பெல்ட்டில் நானே ஆணியால் புதிய துளை போட்டிருந்தேன். இரவல் வாங்கியது போலத் தொங்கின உடுப்புகள்.

வீட்டில் நடந்துகொண்டிருந்த இன்னொன்றை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் யாரும் சாப்பிடுவதில்லை. நான் வேலையிடத்திலேயே ஏதாவது தின்றுவிட்டு வருவேன். தாளிக்கிற மணம் அவரைத் தொட்டுவிடக் கூடாதென்று, அவருடைய கூழுக்கு அவிப்பதைத் தவிர வீட்டில் அடுப்பை மூட்டுவதையே நிறுத்தினேன். ஷரோன் வரும்போதெல்லாம் கராஜுக்குள் போய், காருக்குப் பக்கத்தில் நின்றபடி சான்ட்விச் சாப்பிடுவாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருப்பாள். அது மரியாதை என்று நினைத்தோம்.

கிளப்புக்கு மட்டும் அவர் விடாமல் வந்தார். அங்கே மட்டும்தான் நான் அவர் முன்னால் சாப்பிட்டேன், அதுவும் தட்டு வாங்காவிட்டால் இருக்க விடமாட்டார்களோ என்ற கூச்சத்தில்.

அப்படிப் போன ஒருநாள்தான் அந்த உருளைக்கிழங்கு.

பேரம்

ஆஸ்பத்திரியில் நுரையீரலுக்குள் சாப்பாடு போய் நிமோனியா என்றார்கள். முதல் சில நாட்கள் என்னிடம் யாரும் நல்ல சொல் சொல்லவில்லை. கோயிலிலிருந்து பாதர் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். ஷரோன் விமானம் எடுத்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள்.

எப்படியோ காய்ச்சல் விட்டது. கண் தெளிந்த அன்றைக்கு டேப்லெட்டைக் கையால் கேட்டார். நீண்ட நேரம் எழுதினார்.

"குழாய் வையுங்கோ," என்றது அந்தப் பெண்குரல். ஷரோன் எழும்பி நின்றாள். குரல் தொடர்ந்தது: "ஆனா வெள்ளிக்கிழமை கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

இதை அந்தக் குரல் நொறுக்கியதில் அவளுக்கு விளங்கவில்லை. நான் திரையைப் பார்த்து வாசித்துச் சொன்னேன்.

"அப்பா, வை?" என்றாள். ஆங்கிலத்திலேயே படபடவென்று பேசினாள். அங்கேதானே சாகப்பார்த்தீர்கள், இனி ஒரு துளியும் வாயில் வைக்கமுடியாது, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவா போகவேண்டும் என்று கேட்டாள்.

அவர் ஒரு சொல் எழுதினார். "ஓம்."

பிறகு எழுதிக்கொண்டே இருந்தார். முடித்ததும் குரலை வாசிக்க விடவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் இருந்தது இதுதான்:

"வீட்டில ஒருத்தரும் எனக்கு முன்னால சாப்பிடுறேல்லை. பிள்ளை கராஜில நிண்டு சாப்பிடுது. நான் செத்தாப் பிறகு செய்யிறதை இப்பவே செய்யிறியள். கிளப்பில எல்லாரும் சாப்பிடுகினம்."

ஷரோன் அதைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு அறைக்கு வெளியே போனாள். கனநேரம் வரவில்லை.

நான் கொழுத்த கதை

குழாய் வைத்தார்கள். இரவில் ஒரு பம்ப் மெல்லிய உறுமலோடு பாலை அவருடைய வயிற்றுக்குள் இறக்கும். பகலில் அவர் சக்கர நாற்காலிக்கு மாறினார். கழுத்து சாயத் தொடங்கியதால் பட்டி போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் போனோம். எனக்கு என்ன வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். கவுன்டரில் டேப்லெட்டைத் தூக்கிப் பிடிப்பார், அதற்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவார். ஒருநாள் றோஸ்ட், ஒருநாள் சீஸ் உருகிக் கிடக்கும் ஷ்னிற்சல், ஒருநாள் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டதும் மசித்த கிழங்கும். நான் முதல் வாயை எடுக்கும்போது அவருடைய கண் என் கரண்டியோடு வரும்.

அந்த முதல் வெள்ளியில் முதல் வாயிலேயே கரண்டியை வைத்துவிட்டேன். ஓங்காளித்தேன். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். தட்டு அப்படியே இருந்தது, அவரும் அப்படியே இருந்தார். டேப்லெட் சொன்னது: "றீற்றா, ஆறுது."

சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் மனைவி ஒரு தட்டு இறைச்சியை வளைத்துக் கட்டுகிறாள் என்றுதானே தெரியும். வீட்டிலும் சமைக்கச் சொன்னார். மீன்குழம்பு, பாற்சொதி, புட்டு. அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து நான் சாப்பிடவேண்டும். அவர் மெலிய மெலிய நான் கொழுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நின்றபோது, எங்களோடு நன்றாகப் பழகிய அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "றீற்றா, இவ்வளவு கவலைக்குள்ளையும் நல்லா உடம்பு வைச்சிட்டீர்."

வீட்டுக்கு வந்து அவருக்குச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எழுதினார்: "அது என்ர சாப்பாடு எண்டு சொல்லியிருக்கலாமே."

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு என்னால் முடியவில்லை.

ஷரோன் வந்த வெள்ளி

அவர் குளிர்காலம் முடிகிற வேளையில் போனார். காலையில், வீட்டில், மூச்சுக் குறைந்து குறைந்து நின்றது. நானும் ஷரோனும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தோம். வலி இருந்ததாகத் தெரியவில்லை. பயம் இருந்தது. அதை இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான் ஷரோன் முதல்முதலாக எங்களோடு கிளப்புக்கு வந்தாள். குழாய் வைத்த நாளிலிருந்து வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு தரமும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, ஒன்றும் பேசாமல் சக்கர நாற்காலியைத் தள்ளத் தொடங்கினாள்.

வெளியே மழை. உள்ளே ஈரக் கம்பளத்தின் மணமும் பொரித்த எண்ணெயின் மணமும். அவர் மகளுக்காக ஆட்டிறைச்சி றோஸ்ட் எடுக்கச் சொன்னார். கிறேவி கூடுதலாக.

தட்டு வந்தது. ஷரோன் அதைத் தனக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினாள். ஒரு துண்டை இரண்டாக, இரண்டை நாலாக. தலையை நிமிர்த்தவில்லை. இறைச்சி முழுவதையும் பட்டாணி அளவுக்கு வெட்டி முடித்துவிட்டு, அதில் ஒன்றை முள்ளுக்கரண்டி நுனியில் குத்தி, வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐ கான்ட், அப்பா," என்றாள்.

அவர் எழுதினார். அப்போது ஒரு விரல்தான் வேலை செய்தது, அதுவும் எழுத்து எழுத்தாக. நாங்கள் காத்திருந்தோம். பெண்குரல் எதையோ சொன்னது. ஷரோன் என்னைப் பார்த்தாள். நான் எட்டித் திரையைப் பார்த்தேன்.

"பெரிசா வெட்டு எண்டு சொல்லுறார்," என்றேன். "உனக்குப் பல் இருக்குதாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக, மேசையிலிருந்த கைதுடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஷரோன் எழும்பி, கவுன்டருக்குப் போய், இன்னொரு தட்டு றோஸ்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். கொழுப்பு விளிம்போடு ஒரு பெரிய துண்டை வெட்டி, கிறேவியில் புரட்டி, வாய்க்குள் வைத்தாள். கன்னம் புடைத்தது. மூக்கை உறிஞ்சியபடி மென்றாள். மெல்ல நேரமெடுத்தது.

அவர் பட்டி போட்ட கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் அவளுடைய தொண்டையில் வைத்திருந்தார். அவள் விழுங்கினாள்.

அவருடைய விரல் மெதுவாக நகர்ந்தது. அந்தப் பெண்குரல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. எவ்வளவு நொறுக்கியும் அது விளங்கியது. இந்த முறை ஷரோன் என் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்தது."

அவள் கத்தியை எடுத்து வெட்டினாள்.